விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள்





பள்ளித் தேர்வுகள் முடியும் காலம் நெருங்கிவிட்டது. கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கிற இந்நாட்களில் திருவேங்கடத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள சபைகளில் எழுகிற முதல் பேச்சு சுற்றுலாவைப் பற்றியதே. நம் வாலிபர் ஐக்கியமும் ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. இரண்டு பேருந்துகள், ஒரே நாள். காலையில் பாபநாசமும் காரையாறும், தண்ணீர் விழுந்தால் மாலையில் குற்றாலம். இவ்வேளையில் நியூசிலாந்தில் பணிபுரியும் நம் சபைப் பிள்ளை ஒருவர், தாம் அங்கே வழிகாட்டியோடு சென்றுவந்த ஒருநாள் பயணத்தைப் பற்றி வாலிபர்களுக்கு எழுதியிருந்தார். ஒளிவீசும் புழுக்கள் வாழும் குகையையும், அருகிலுள்ள பறவைப் பூங்காவையும் அவர் கண்டிருக்கிறார். அதை வாசித்த பலர், "நமக்கும் இப்படி ஒரு பயணம் கிடைக்காதா, ஐயா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

கிடைக்கும் என்பதே என் பதில். ஆனால் நாம் வழக்கமாகப் போகிற விதத்தில் போனால் கிடைக்காது. இவ்வாரம் இதைக் குறித்து என் மனதிலுள்ளதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, அந்தக் குகையைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம். நியூசிலாந்தின் வடக்குத் தீவில் வைட்டோமோ என்னும் ஊர் உண்டு. மாவோரி மொழியில் "வை" என்றால் தண்ணீர். "டோமோ" என்றால் நிலத்திலுள்ள குழி. நீரோடை ஒன்று சுண்ணாம்புக்கல் மலைக்குள் புகுந்து மறைகிற இடம் அது. 1887ஆம் ஆண்டு அப்பகுதியின் மாவோரித் தலைவர் தானே தினோராவு என்பவர், பிரெட் மேஸ் என்னும் ஆங்கிலேய நில அளவையாளரோடு, செடித் தண்டுகளால் கட்டிய தெப்பத்தில் ஏறி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த ஓடைவழியே உள்ளே சென்றார். 1889 முதல் அவரும் அவர் மனைவியும் காண வருவோரை அழைத்துச் சென்றனர். 1906இல் அரசு குகையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1989இல் அந்நிலமும் குகையும் அவருடைய சந்ததியாரிடம் திரும்பிச் சேர்ந்தன. இன்றும் அங்கே வழிகாட்டுகிறவர்களில் பலர் அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்களே.

அங்கே செல்வோர் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் குகைக்குள் இருக்கிறார்கள். நடந்து சென்று, இறுதியில் படகில் ஏறுகிறார்கள். அந்தப் படகுக்கு இயந்திரம் இல்லை. வழிகாட்டி குகையில் கட்டப்பட்டிருக்கும் கயிற்றைப் பிடித்து இழுத்தே அதை ஓசையின்றி நகர்த்துகிறார். விளக்கு இல்லை. படம் எடுக்க அனுமதி இல்லை. பேச்சும் இல்லை. கண் இருளுக்குப் பழகியபின், மேலே பாறைக் கூரையெங்கும் நீலமும் பச்சையும் கலந்த ஆயிரமாயிரம் ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன. மனிதரின் மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயு மிகுந்தால் சுண்ணாம்புக்கல் அரிக்கப்படும் என்பதால், குகைக்குள் இருக்கும் காற்றையும் அளந்துபார்த்து, உள்ளே போகிறவர்களின் தொகையைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

அருகிலே ஓட்டோரோஹங்கா என்னும் ஊரில், கிவி என்னும் பறக்கமாட்டாத பறவைகளைப் பேணும் பூங்கா ஒன்று இருக்கிறது. கிவி இரவில் நடமாடும் பறவை. ஆகவே அதன் கூடத்தில் பகலை இரவாக மாற்றி வைத்திருக்கிறார்கள். பகலில் வருகிற மனிதர், பறவையின் இரவுக்குள் அடியெடுத்து வைத்து, மங்கிய ஒளியில் அதைப் பார்த்துச் செல்கிறார்கள்.

பிரியமானவர்களே, உலகத்தின் பல தேசங்களிலிருந்து வருகிறவர்கள் பணம் கொடுத்து அங்கே எதைப் பெற்றுக்கொள்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பேசாதே, விளக்கேற்றாதே, படமெடுக்காதே, முன்னே போகிறவரைப் பின்பற்று என்னும் கட்டளைகளையே பெற்றுக்கொள்கிறார்கள். அவற்றுக்குக் கீழ்ப்படிந்த பின்னரே அந்த ஒளி அவர்கள் கண்ணுக்குத் தென்படுகிறது. மனிதன் தன்னைச் சற்றுச் சிறுகச் செய்துகொண்டால்தான் காணக்கூடியவை சில இந்தச் சிருஷ்டியில் உண்டு.

இனி நம் சுற்றுலாக்களை நினைத்துப் பார்ப்போம். புறப்படும் முன் ஜெபிக்கிறோம், அது நல்லது. பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒலிபெருக்கி முழங்கத் தொடங்குகிறது. நாம் போடுவது கிறிஸ்தவப் பாடல்தான். ஆனால் மலைப்பாதையின் ஓரத்தில் குட்டியோடு நிற்கிற மானுக்கு அது வெறும் இரைச்சலே. பாபநாசம் சோதனைச் சாவடியில் வனத்துறையினர் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கும்போது முகம் சுளிக்கிறோம். சாவடியைத் தாண்டியதும் குரங்குகளுக்கு முறுக்கையும் பிஸ்கட்டையும் எறிகிறோம். காட்டில் கனி தேடவேண்டிய அந்த ஜீவன்கள் சாலையோரத்தில் கையேந்தி நின்று, வாகனங்களுக்கு இரையாகின்றன. மாலையில் திரும்பி வரும்போது, "ஒரு மிருகத்தையும் காணவில்லையே" என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். அவை நம்மைக் கண்டன, நமக்கு வெகுமுன்பே நம் சத்தத்தைக் கேட்டன, விலகிப் போய்விட்டன.

நாம் வாழ்கிற இடம் எப்படிப்பட்டது என்பதை நாம் அறியாதிருக்கிறோம். முண்டந்துறையில் 1962இலும் களக்காட்டில் 1976இலும் ஏற்படுத்தப்பட்ட சரணாலயங்கள் இரண்டையும் இணைத்து, 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தது. தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாய் வாழாத சிங்கவால் குரங்கு அதன் சோலைகளில் வாழ்கிறது. குற்றாலம், கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி மலைக்காடுகள் 2015இல் நெல்லை வன உயிரினச் சரணாலயமாயின. வடக்கே ராஜபாளையத்தைத் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் சாம்பல் நிற மலை அணில்கள் மரத்துக்கு மரம் தாவுகின்றன. அந்தக் காடு 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. நியூசிலாந்துக்குப் பயணச்சீட்டு வாங்க இயலாத நமக்குக் கர்த்தர் வாசலிலேயே இத்தனையும் வைத்திருக்கிறார்.

ஒளிவீசும் பூச்சிகளும் நம் மலைகளுக்குப் புதியவை அல்ல. 2022ஆம் ஆண்டுக் கோடையில் ஆனைமலை புலிகள் காப்பகத்தில், எண்ணிலடங்கா மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஒரு மரத்தில் தொடங்கும் ஒளி அடுத்த மரத்துக்கும், அதற்கடுத்த மரத்துக்கும் அலைபோலப் பரவுகிறது. வைட்டோமோவில் ஒளிர்வது வேறு வகைப் பூச்சியின் புழு. நம்முடையது வண்டினத்தைச் சேர்ந்தது. இரண்டின் நோக்கமும் வேறு. குகைப்புழு பசையுள்ள நூல்களைத் தொங்கவிட்டு, ஒளியைக் காட்டி, வழிதவறிய சிறு பூச்சிகளை இரையாக்கிக்கொள்கிறது. வானத்து நட்சத்திரம் என்று நம்பி மேலே பறப்பது நூலில் சிக்கிக்கொள்கிறது. இரவெல்லாம் கையடக்கத் திரையின் ஒளியை நோக்கியே இருக்கிற நம் பிள்ளைகளை எண்ணும்போது, அந்தப் பூச்சியின் நிலை எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. எல்லா ஒளியும் வழிகாட்டும் ஒளி அல்ல.

மின்மினியின் ஒளியோ துணையை அழைக்கும் குரல். பறந்து செல்லும் ஆண் மின்மினி விட்டுவிட்டு ஒளிர்கிறது; புல்லில் அமர்ந்திருக்கும் பெண் தன் ஒளியால் மறுமொழி கொடுக்கிறது. வளர்ந்த மின்மினியின் ஆயுள் பெரும்பாலும் சில வாரங்களே. அதற்கு முன்பு மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக, புழுவாக ஈரமண்ணிலும் சருகுக்கடியிலும் நத்தைகளைத் தின்று வாழ்கிறது. இப்பொழுது, கைபேசி விளக்கை ஏற்றிக்கொண்டு நாற்பது பேர் ஒரு புல்வெளிக்குள் இறங்கினால் என்ன ஆகும்? காலடியில் அடுத்த ஆண்டின் மின்மினிகள் நசுங்கும். நம் வெளிச்சத்தில் அவற்றின் அழைப்பு மறைந்துபோகும். சில நாட்களே உள்ள ஆயுளில் ஓர் இரவு வீணாகும். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் மின்மினிகளைக் காண விரும்புவோரைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுப்பதும், கைவிளக்கில் சிவப்புத் தாள் சுற்றி ஒளியைத் தரையை நோக்கிப் பிடிக்கச் சொல்லுவதும் இதனாலேயே.

நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழை பெய்த இரவுகளில் கண்மாய்க் கரையிலும் கிணற்றுத் தோப்பிலும் மின்மினி பறந்ததை அவர்கள் சொல்லக்கூடும். இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கிறார்கள்?

104ஆம் சங்கீதத்தை வாசிக்கிறவர்கள் ஓர் ஒழுங்கைக் கவனிக்கலாம். இருள் வந்தபின் காட்டு ஜீவன்கள் வெளியே வந்து நடமாடுவதையும், சூரியன் உதித்ததும் அவை தங்கள் இருப்பிடங்களுக்குத் திரும்புவதையும், அதன்பின் மனிதன் தன் வேலைக்குப் புறப்படுவதையும் சங்கீதக்காரர் வரிசையாய்ச் சொல்லுகிறார். இரவு அவைகளுக்கு, பகல் நமக்கு என்று தேவன் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். நாமோ நம் பங்கோடு நில்லாமல், விளக்கையும் சத்தத்தையும் கொண்டு அவற்றின் பங்கையும் எடுத்துக்கொள்ளுகிறோம். அயலானுடைய எல்லைக்கல்லைத் தள்ளிவைக்கக் கூடாதென்று நியாயப்பிரமாணத்தில் கற்பிக்கப்பட்டோம். வாயில்லா ஜீவனின் எல்லைக்கல்லும் எல்லைக்கல்தான்.

இங்கே உங்களில் சிலர் என்னை மறுத்துப் பேசுவீர்கள் என்று அறிவேன். அந்த மறுப்பு நியாயமானது. நம் சபைத் தாய்மார்களிலும் சகோதரிகளிலும் அநேகர் தீப்பெட்டி ஆலைகளில் உழைக்கிறவர்கள். வாரத்தில் ஆறு நாட்கள் மருந்து வாடையிலும் புழுக்கத்திலும் குனிந்த தலை நிமிராமல் வேலைசெய்கிறார்கள். வருடத்துக்கு ஒருநாள் வாய்விட்டுச் சிரிக்கவும், பாடவும், கைதட்டவும் வருகிறவர்களிடம், "பேசாதே, பாடாதே" என்று சொல்லப் போதகருக்கு என்ன உரிமை இருக்கிறது? ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாக்கப்பட்டதல்லவா?

உண்மைதான். மகிழ்ச்சி ஆண்டவர் கொடுக்கிற ஈவு. குற்றாலத்து அருவியின் கீழ் நின்று ஆரவாரம் செய்வதை நான் குறைசொல்லவில்லை. அருவியின் இரைச்சலுக்கு முன் நம் இரைச்சல் எம்மாத்திரம்! ஆனால் காடு அருவிக்கரை அல்ல. அது வேறொருவர் குடியிருக்கும் வீடு. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கிறேன். நாள் முழுவதும் இயந்திர ஓசையைக் கேட்டு உழைக்கிற ஒரு சகோதரிக்கு, மீண்டும் ஓர் ஒலிபெருக்கியைத்தான் நாம் விடுமுறைப் பரிசாகக் கொடுக்கவேண்டுமா? தன் கையால் ஆயிரக்கணக்கான தீக்குச்சிகளைப் பெட்டியில் அடுக்கியவள், சூடில்லாமல், புகையில்லாமல், எதையும் எரிக்காமல் ஒளிர்கிற ஒரு விளக்கைத் தேவன் புல்நுனியில் ஏற்றிவைத்திருப்பதைத் தன் கண்ணால் காணவேண்டாமா? அந்த அமைதியை அவளுக்கு எட்டாததாக்கினது ஏழ்மை மாத்திரமல்ல, நம் திட்டமும்தான்.

அமைதி நம்மவரால் இயலாதது என்றும் சொல்லாதிருங்கள். நாங்குநேரிக்கு அருகே கூந்தன்குளம் என்னும் ஊரில், மங்கோலியா போன்ற தூரதேசங்களிலிருந்தும் பறவைகள் குளத்திற்கு வருகின்றன. சங்குவளை நாரைகள் ஊருக்குள்ளே வீட்டு மரங்களிலேயே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் பொருட்டு அவ்வூர் மக்கள் வெடி வெடிப்பதில்லை. எச்சத்தின் நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ளுகிறார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். 1994இல் அது அரசாங்கச் சரணாலயமானது. பறவைகளுக்கு அவ்வூரார் கொடுத்த அடைக்கலமோ அதற்கும் வெகுகாலம் முந்தியது. அவர்களும் நம்மைப்போல விவசாயிகளும் கூலியாட்களுமே. பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற சீமையில் வாழும் நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

நம் கிறிஸ்தவ முன்னோரிடத்திலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. டோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். 1917இல் அவர் களக்காட்டு மலையில் நரைக்காடு என்னும் இடத்தை வாங்கினார். வெயில் காலத்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்று தங்கவைப்பதற்காகவே அதை வாங்கினார். மலைகளெங்கும் காப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பெருகிய காலம் அது. ஆனாலும் நரைக்காடு காடாகவே காக்கப்பட்டது. புலிகள் காப்பகத்தால் சூழப்பட்டிருக்கும் அந்தச் சோலைக்கு இன்றும் ஆய்வாளர்கள் தேடிச் செல்லுகிறார்கள். அம்மையார் 1951இல் நித்திரையடைந்தார். கல்லறையின்மேல் கல் வைக்க வேண்டாமென்று அவர் சொல்லியிருந்ததால், பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அமைத்து, "அம்மை" என்று பொறித்தார்கள். பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்வதும் மலையைக் காப்பதும் ஒரே ஊழியத்தின் இரு பகுதிகள் என்பதை அவர் வாழ்வு நமக்குச் சொல்லுகிறது.

வழிகாட்டியைக் குறித்தும் ஒரு வார்த்தை. பணத்தை மிச்சப்படுத்த நாம் முதலில் விட்டுவிடுவது வழிகாட்டியைத்தான். பாபநாசம் மலையில் காணி இன மக்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்கிறார்கள். 1987இல் இதே அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் ஆய்வுக்குச் சென்ற அறிஞர்கள் ஏறமுடியாமல் களைத்தபோது, வழிகாட்டியாய் வந்த காணி இளைஞர்கள் சிறு கனிகளைத் தின்று சோர்வின்றி நடந்தார்கள். அறிஞர்கள் கேட்டு, வாங்கித் தின்று, பெலனடைந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்து பின்பு ஜீவனி என்னும் மருந்து உருவாயிற்று. அதன் உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. படித்தவர்கள் படிக்காதவர்களின் பின்னே நடந்ததினால் கிடைத்த நன்மை அது. மிருகங்களிடத்திலும் பறவைகளிடத்திலும் போய்ப் பாடம் கேட்கும்படி யோபு தன் சிநேகிதர்களுக்குச் சொன்னதை அவருடைய புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்தப் பாடத்தை நமக்கு மொழிபெயர்த்துச் சொல்லக்கூடியவர் காட்டை அறிந்த வழிகாட்டியே.

ஆகவே சபையின் முன்பாகவும் வாலிபர் ஐக்கியத்தின் முன்பாகவும் என் கருத்தைத் தாழ்மையோடு வைக்கிறேன். இரண்டு பேருந்துகளில் ஒரே நாளில் போவதற்குப் பதிலாக, சிறு வாகனங்களில் நான்கு குழுக்களாக, நான்கு நாட்களில் போவோம். செலவு சற்றுக் கூடும். அதைச் சபை ஏற்கட்டும். முதல் வாகனத்தில், இதுவரை இடம் கிடைக்காத முதியவர்களும் ஆலையில் உழைக்கும் சகோதரிகளும் ஏறட்டும். ஒலிபெருக்கி வீட்டிலேயே இருக்கட்டும். சோற்றை வாழையிலையில் கட்டிக்கொள்வோம்; குரங்குக்கு ஒரு பருக்கையும் போடவேண்டாம். வனத்துறையின் அனுமதியோடு, காட்டை அறிந்த ஒருவரை அழைத்துக்கொள்வோம். அவர் கூலியைக் குறைக்காமல் கொடுப்போம். பந்தியில் அவருக்கே முதலில் பரிமாறுவோம். காட்டுக்குள் அரைமணி நேரமாவது ஒருவரும் பேசாதிருப்போம்.

புலிகள் காப்பகத்தைவிட்டு மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். அதன்பின் அடிவாரத்தில், உரிமையாளரின் அனுமதி பெற்று, தோப்பு ஒன்றின் ஓரத்தில் நிற்போம். பாதையைவிட்டு விலகாமல், கைபேசிகளைப் பைக்குள் வைத்துவிட்டு, கால்மணி நேரம் இருளிலே காத்திருப்போம். மின்மினி வரலாம், வராமலும் இருக்கலாம். அது நம் கட்டளைக்கு வருவதன்று. வந்தால் ஸ்தோத்திரம், வராவிட்டால், எது போய்விட்டது என்பதை நம் பிள்ளைகள் அன்றைக்கு அறிந்துகொள்வார்கள். அதுவும் வீண் அல்ல.

சோர்ந்துபோன எலியா ஓரேப் மலையின் குகையில் தங்கியிருந்தபோது, பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கடந்துபோயின. கர்த்தர் அவற்றில் இருக்கவில்லை. பின்பு வந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டபோதே தீர்க்கதரிசி தன் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலுக்கு வந்தார். ஆராதனையிலும் ஜெபத்திலும் நாம் ஆண்டவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் உரத்த சத்தமாய்ச் சொல்லிவிட்டு, அவர் பேசத் தொடங்கும் முன்னே எழுந்து போய்விடுகிறோம். இருளில் அமர்ந்து ஒரு சிறு பூச்சிக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டவன், அந்த மெல்லிய சத்தத்துக்காகவும் காத்திருக்கக் கற்றுக்கொள்வான் என்று நம்புகிறேன்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாலிபர் ஐக்கியம் கூடும்போது, உங்கள் எண்ணத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். என்னோடு உடன்படாதவர்களும் வந்து பேசவேண்டும் என்பதே என் விருப்பம்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, நீர் உண்டாக்கின யாவற்றின் நடுவே விருந்தினராய் நடந்துகொள்ள எங்களுக்குக் கற்றுத்தாரும். உழைத்துச் சோர்ந்தவர்களுக்கு உமது அமைதியைக் காணும் நாளைத் தாரும். எங்கள் சத்தம் அடங்கவும், உம்முடைய சத்தம் எங்களுக்குக் கேட்கவும் கிருபை செய்தருளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.